ஏவாளைத் திட்டுகிற வீடு

நவமணி ஏவாளைத் திட்ட ஆரம்பித்தால் கடைசி லயத்து வீடு வரைக்கும் கேட்கும். அம்மியில் மிளகாயை வைத்துக் குழவியை ஓர் இழுப்பு இழுப்பாள். அதோடு வாயும் திறந்துகொள்ளும்.

"ஒரு பழம்! ஒத்தப் பழம்! தோட்டம் பூரா மரம் நிக்குது, எல்லாத்தையும் தின்னுக்கோன்னு சொல்லியாச்சு. அது ஒண்ணு மட்டும் வேணாம்னா கேட்டியாடி நீ? நாக்க அடக்கத் தெரியாத நீயெல்லாம் ஒரு தாயா? ஒன்னாலதாண்டி எம்புள்ள மண்ணுக்குள்ள கெடக்கு!"

பக்கத்து வீட்டுச் செல்லாயி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள். ஏவாளையும் தெரியாது, ஆதாமையும் தெரியாது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு சாயங்காலம் வாசலில் வந்து நின்று கேட்டாள்.

"யாருக்கா அந்த ஏவாளு? நம்ம தோட்டந்தானா, இல்ல கூலிம் பக்கத்து ஆளா? சொல்லுலா, நானும் வந்து ரெண்டு கேக்குறேன்."

"அவ செத்து ஆறாயிரம் வருசமாச்சு."

செல்லாயி முகவாயில் விரலை வைத்துக்கொண்டாள். செத்தவளைத் திட்டுவது பாவமாயிற்றே என்று யோசித்தாள் போலும். கதையை முழுக்கக் கேட்டபிறகு அவள் மனம் மாறிவிட்டது. அன்றிலிருந்து நவமணி திட்டும்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து செல்லாயியும் தன் பங்குக்கு ஒன்றிரண்டு சேர்த்துவிடுவாள். அவள் சேர்த்தவை எழுத்தில் வராது.

நவமணியின் கணவர் பரஞ்சோதிக்கு இது முதலில் பெரிய மானக்கேடாக இருந்தது. பாலிங் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அந்தத் தோட்டத்தில் அவர்தான் பள்ளிக்கூட வாத்தியார், அவர்தான் வேதக்காரக் குடும்பங்களுக்கு உபதேசியார். குடும்பங்கள் என்றால் கூட்டமில்லை. எல்லோரும் வந்தாலும் பள்ளிக்கூடக் கொட்டகையில் பாதிதான் நிறையும். பாதிரியார் பினாங்கிலிருந்து எப்போதாவது வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறெல்லாம் பரஞ்சோதிதான். அப்படிப்பட்டவர் வீட்டில் இப்படியா வாய் என்று தோட்டத்துத் துரையின் சமையல்காரன்கூடச் சிரித்தான்.

ஆனால் பரஞ்சோதி அவளைத் தடுக்கவில்லை. காரணம் இருந்தது.

போன மழைக்காலத்தில் அவர்களுடைய ஒரே மகள் சுகிர்தம் காய்ச்சலில் போய்விட்டாள். நாலு வயது. அந்த மழையில் தோட்டத்தில் பல வீடுகளில் பிள்ளைகள் போயின. இதுவும் ஒன்று என்று மற்றவர்கள் சொல்லலாம், பெற்றவள் சொல்ல முடியுமா? நவமணி சோற்றைத் தொடவில்லை. தலை வாரவில்லை. பாயிலேயே சுருண்டு கிடந்தாள். "ஏங்க கர்த்தரு இப்பிடிச் செஞ்சாரு?" என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. பரஞ்சோதிக்கு அவளும் போய்விடுவாள் என்று பயம் வந்துவிட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தம்மிடம் இருந்த ஒரே மருந்தைக் கொடுத்தார்.

"அவரு செய்யல நவமணி. அவரு சாவையே உண்டாக்கல. அவரு உண்டாக்குன ஒலகத்துல சாவே கெடையாது. மனுசன் பாவம் செஞ்சான், அதுக்கப்புறந்தான் சாவு உள்ள வந்துச்சு. நீ அழுவுற மாதிரி அவரும் அழுவுறாரு."

அவள் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவினாள். மறுநாள் அம்மிக்கு முன்னால் முதல் தடவையாக ஏவாள் மாட்டிக்கொண்டாள்.

அன்று முதல் நவமணி சமைத்தாள், சாப்பிட்டாள், ஆயாக்கொட்டகையில் மற்றவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள், ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பாயில் முதல் ஆளாக உட்கார்ந்து பாடினாள். கோபத்துக்கு ஓர் இடம் கிடைத்ததால் கர்த்தர் தப்பித்தார். மனைவி உயிரோடிருப்பது ஏவாள் புண்ணியத்தில் என்று பரஞ்சோதிக்கு நன்றாகவே தெரியும். திட்டட்டும் என்று விட்டுவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் மருந்து கொடுக்கிற புது டிரெசராக அழகேசன் வந்து சேர்ந்தார். சென்னைப் பட்டணத்தில் படித்தவர். எந்தச் சாமியையும் கும்பிடாதவர். அதே சமயம் எந்த நோயாளியையும் அலட்சியம் செய்யாதவர். காய்ச்சலைக் கொண்டுவருவது கொசு என்று ஒவ்வொரு லயத்திலும் நின்று சொன்னவர் அவர். வாய்க்கால்களில் எண்ணெய் ஊற்ற வைத்தார். காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் ஒவ்வொருவரும் காய்ச்சலுக்கான கொயினாவை விழுங்குகிறார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். மனிதர் தங்கம். பேச்சுதான் கத்தி.

"ஐயா, ஒரு சந்தேகம்," என்றார் ஒருநாள், பள்ளிக்கூடத்து வாசலில் இளவட்டங்கள் கூடி நிற்கும்போது. "உங்க வேதத்துல சூரியன் நாலாம் நாள்தான் வருது. அப்போ முதல் மூணு நாளைக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி ஆச்சு?"

பையன்கள் சிரித்தார்கள். அவர்களில் ஞானஸ்நானம் பெற்றவர்களும் இருந்தார்கள்.

அழகேசன் அதோடு விடவில்லை. சில நட்சத்திரங்களின் வெளிச்சம் இங்கே வந்து சேரவே பத்தாயிரம், இருபதாயிரம் வருஷம் ஆகிறது என்றார். உலகம் உண்டாகி ஆறாயிரம் வருஷம் என்றால், அதற்கு முன்பே கிளம்பிவிட்ட வெளிச்சம் எங்கிருந்து கிளம்பியது என்று கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். சாலைக்குப் போட பாலிங் மலையிலிருந்து வண்டி வண்டியாகக் கல் வந்துகொண்டிருந்த சமயம் அது. உடைத்த கல் ஒன்றுக்குள் சுருள் சுருளாக ஒரு நத்தை இருந்தது. கல்லோடு கல்லாக இறுகிப்போன நத்தை.

"கடல்ல இருந்தது. மலைக்குள்ள எப்படி வந்துச்சு? கோடிக்கணக்கான வருஷம் ஐயா. ஆறு நாள் சமாசாரமில்லை."

அடுத்த ஞாயிறு இளைஞர்கள் வரிசையில் மூன்று பேர் குறைந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு யாருமே இல்லை.

பரஞ்சோதி கோபப்படவில்லை, அவர் சுபாவம் அதுவல்ல. அழகேசனிடமே போய் அவருடைய புத்தகங்களை இரவல் கேட்டார். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளி விட்ட பிற்பகல்களில் ஒற்றை ஆளாகக் கொட்டகையில் உட்கார்ந்து படித்தார். படிக்கப் படிக்க அவருக்கு வியர்த்தது. பிறகு, ஒரு பிற்பகலில், வியர்வை நின்றது. எழுந்து நின்று கரும்பலகைக்கு முன்னால் இப்படியும் அப்படியும் நடந்தார்.

சூரியனே இல்லாத நாள் எப்படிச் சூரியனால் அளக்கிற நாளாகும்? அது கர்த்தருடைய நாள். ஒரு நாள் என்பது ஒரு யுகம். முதலில் வெளிச்சம் என்கிறது வேதம். முதலில் வெறும் நெருப்பு மேகம்தான், சூரியன் அதிலிருந்து பின்னால்தான் திரண்டது என்கிறது புத்தகம். பிறகு தண்ணீர், பிறகு தரை, பிறகு பூண்டு, பிறகு நீந்துகிறவையும் பறக்கிறவையும், பிறகு மிருகங்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில் மனிதன். வரிசை அப்படியே இருக்கிறது! வேதத்தை எழுதியவனிடம் தூரக்கண்ணாடியா இருந்தது? சொல்லிக்கொடுத்தவர் இருந்தால்தானே இப்படி எழுத வரும்!

மகள் போனபிறகு முதல் தடவையாக அவருக்குச் சந்தோஷம் வந்தது. கொஞ்சம் தலைக்கனமும் வந்தது என்பதை மறைப்பானேன்? அழகேசனிடம் ஓடிப்போய்ச் சொன்னார். அழகேசன் கன்னத்தைச் சொறிந்துகொண்டு, "பரவாயில்லையே ஐயா. நான் இப்படி யோசிக்கல," என்றார். பரஞ்சோதிக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிறு வந்தது. செய்தி பரவியிருந்ததால் கொட்டகை நிறைந்துவிட்டது. பையன்கள் திரும்பி வந்திருந்தார்கள். அழகேசனே வந்து பின்னால் கைகட்டி நின்றார். நவமணி பெண்கள் பாயில் முன்வரிசையில் இருந்தாள். வீட்டுக்காரர் முகம் இத்தனை நாளைக்கப்புறம் மலர்ந்திருப்பதைப் பார்த்து அவளும் நல்ல சேலை உடுத்தி வந்திருந்தாள்.

பரஞ்சோதி அன்று பேசியதுபோல் அதற்கு முன் பேசியதில்லை. வெளிச்சம் புறப்பட்டதிலிருந்து ஆரம்பித்தார். நெருப்பு மேகம் சுழன்றது, பூமி ஆறியது, மழை பெய்து கடல் நிறைந்தது, நீந்துகிறவையும் பறக்கிறவையும் பிறந்தன, அதற்குப் பிறகுதான் மனிதன். கடைசியில் அழகேசனின் கல்லை உயரத் தூக்கிக் காட்டினார்.

"இந்தச் சின்ன நத்தையைப் பாருங்கள். நம்முடைய ஆதித் தகப்பன் ஆதாம் உண்டாவதற்குக் கோடி கோடி வருஷத்துக்கு முன்பே இது பிறந்தது, வாழ்ந்தது, மடிந்தது. இதுபோல் எண்ணிக்கைக்கு அடங்காத உயிர்கள் வாழ்ந்து மடிந்து, அந்தச் சுண்ணாம்பெல்லாம் சேர்ந்துதான் நீங்கள் தினமும் பார்க்கிற பாலிங் மலை. அந்த யுகங்களையெல்லாம் பார்த்துத்தான் தேவன் நல்லது என்று கண்டார்!"

பையன்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அழகேசன் தலையசைத்தார். பரஞ்சோதி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். நவமணி சோற்றை வைத்தாள். அவர் பிசைந்துகொண்டே, யார் யார் என்ன சொன்னார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். அவள் குறுக்கே கேட்டாள்.

"அந்த நத்த எப்பங்க செத்துச்சு?"

"அதான் சொன்னேனே. ஆதாமுக்கு ரொம்ப முன்னாடி."

"ஏவாள் பழந் திங்கிறதுக்கு முன்னாடியா?"

பரஞ்சோதியின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"அது... அது மிருக ஜீவன் நவமணி. ஆத்துமா இல்லாதது. மனுசனோட சாவு வேற. மனுசனுக்குச் சாவு பாவத்தாலதான்..."

"சுகிர்தத்துக்குக் காச்ச கொசுவாலன்னு டிரெசரு சொன்னாரு. கொசு பறக்குறதுதானே? பறக்குறதெல்லாம் மனுசனுக்கு முந்தின நாளுன்னு நீங்கதான சொன்னீங்க. ஒங்க கணக்குல முந்தின யுகம்." அவள் சத்தம் போடவில்லை. பாடம் புரியாத பிள்ளை கேட்பதுபோல் கேட்டாள். "அப்ப கொசுவும் காச்சலும் முன்னாடியே ரெடியா இருந்துச்சு. எம்புள்ள வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்துச்சு. அதையும் பாத்துட்டுத்தான் நல்லதுன்னாரா?"

பாதிரியாரிடம் கேட்கலாம் என்று முணுமுணுத்தார். அவள் மறுசோறு வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் ஏவாள் பெயர் கேட்கவில்லை. அம்மி அரைபடும் சத்தம் மட்டும் கேட்டது. நவமணி எதையும் நிறுத்தவில்லை. சமைத்தாள், கூட்டினாள், ஆயாக்கொட்டகைக்குப் போனாள், ஞாயிறு பாயில் வந்து உட்கார்ந்தாள். பாட்டுப் பாடும்போது வாய் அசைந்தது, குரல் வரவில்லை. எலும்பு தெரிய இளைத்துப்போனாள். கொட்டகையில் இளைஞர் வரிசை நிரம்பி வழிந்தது. சுங்கைப் பட்டாணி டவுனிலிருந்துகூட இரண்டு பேர் கேட்க வந்தார்கள். பரஞ்சோதிக்கு அவர்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அத்தனை பேரையும் உள்ளே கூட்டிவந்து, இவள் ஒருத்தியை வெளியே தள்ளிவிட்டோமே என்று தம்மையே நொந்துகொண்டார்.

செல்லாயி ஒருநாள் அவரை வழியில் மறித்தாள்.

"வாத்தியாரய்யா, அக்கா ஏன் இப்பல்லாம் அந்தப் பழந்தின்னிய ஏசறதில்ல? சண்ட தீந்துபோச்சா? அக்காவப் பாத்தா எனக்குப் பயமா இருக்குதுலா. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கிட்டுப் போங்க."

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது நவமணி மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். பரஞ்சோதி வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அவளுக்கு எதிரே குந்தினார். தொண்டையைச் செருமினார்.

"அந்த ஏவாள் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். திட்டிப் பழக்கமில்லாதவர், ஒப்பிக்கிற மாதிரி வந்தது. "கேடு கெட்டவ. ஒரு பழத்துக்கு..."

"விடுங்க, பாவம்," என்றாள் நவமணி. "அவ வர்றதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிருச்சு. நாந்தான் தெரியாம அவள ஏசிட்டேன்."

"நவமணி, நான் சொன்னது தப்பு. ஆறே நாள்தான். வர்ற ஞாயித்துக்கெழம எல்லாரு முன்னாலயும் நின்னு சொல்லிடுறேன், நான் தப்பாப் படிச்சிட்டேன்னு."

"பொய் சொல்லாதீங்க. நீங்க அன்னிக்குச் சொன்னப்ப ஒங்க மொகத்தப் பாத்தேன். அது நெசந்தான்."

பரஞ்சோதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உபதேசியார் சொல்லக்கூடாத ஒன்று வாயில் வந்து நின்றது. சொல்லிவிட்டார்.

"அப்படின்னா அவரையே திட்டு. எம் முன்னால திட்டு. என்ன வேணும்னாலும் சொல்லு, நான் கேட்டுக்கிறேன். அவரும் கேட்டுக்குவாரு. சும்மா மட்டும் இருக்காத, தாயி."

நவமணி குழவியை நிறுத்திவைத்தாள். விரலால் மசாலாவை வழித்துக் கிண்ணத்தில் சேர்த்தாள்.

"தெனமும் பாக்குறேங்க. வாயத் தொறப்பேன். ஏவாள ஏசுனப்ப அவ எதுத்தாப்புல நிக்கிற மாதிரி இருக்கும், எனக்கு அவ மூஞ்சி தெரியும். இப்ப யாருமே நிக்கலீங்க. யாரும் இல்லாத எடத்துல என்னத்தத் திட்டுறது?"

அவள் எழுந்து அடுப்பைக் கவனிக்கப் போனாள். குழம்பு கொதித்து இறங்கும்வரை அவர் அம்மிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இலையைப் போட்டு, சோற்றை வைத்து, சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டாள். போய் உட்கார்ந்தார். கண்ணை மூடிக் கைகுவித்து, "பிதாவே," என்றார். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. கண்ணை இறுக்கிக்கொண்டு இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார்.

கண்ணைத் திறந்தபோது நவமணி இலையில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆமென் வரட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை.