சாவகாசம் ஓடவில்லை

அடுப்பிலிருந்து முதல் தட்டு ரொட்டி வெளியே வரும்போது கடைத்தெருவில் வேறு எந்தக் கதவும் திறந்திருக்காது. ரொட்டிக்கடைக்காரருக்கு நாளில் மிகவும் பிடித்த நேரம் அதுதான். சூடான ரொட்டிகள் ஆறும்போது மெல்ல வெடித்து முணுமுணுக்கும். கண்ணாடி அலமாரியில் ஆவி படியும். அவர் மனைவி அதைத் துணியால் துடைத்துக்கொண்டே, "உங்க பிள்ளைங்க பேச ஆரம்பிச்சிட்டாங்க" என்பாள். அந்தக் கேலிக்கு அவர் பல வருடங்களாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

இப்போதும் சிரித்தார். ஆனால் ரொட்டியின் காய்ந்த முனைத் துண்டை வெட்டியதும் கை வழக்கம்போல அதைத் தனியே எடுத்து வைத்தது. பிறகுதான், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்பது ஞாபகம் வந்தது. அந்த முனைத் துண்டு எதிர்க்கடைக் கடிகாரக்காரருக்கு உரியது. அவருக்கு அந்த மொறுமொறுப்புதான் பிடிக்கும்.

கடிகாரக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் 'சாவகாசம்'. ஊருக்கெல்லாம் நேரத்தைச் சரிசெய்து கொடுத்தவர், தான் எங்கேயும் நேரத்துக்குப் போனதில்லை. மழை கொட்டினாலும் அதே நடை. பக்கத்துக் கடையில் தீப்பிடித்தபோதுகூட வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துதான் வந்தார். "அண்ணே, கொஞ்சம் வேகமா வரக்கூடாதா?" என்று முடிதிருத்துபவர் கத்தியதற்கு, "வேகமா வந்தா தண்ணி சிந்திடும்" என்றார். தெரு இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கும்.

அவர் போன சுற்றுலாவில் இறந்துபோனார். வேறொரு நாட்டில், ஒரு மலைச்சாலையில்.

தெரு வியாபாரிகள் சங்கம் வருடத்துக்கு ஒரு முறை கடைகளை வீட்டாரிடம் விட்டுவிட்டுச் சேர்ந்து ஊர் சுற்றப் போகும். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் தொப்பி. கூடவே ஒரு பழக்கமும் உண்டு. வெளியிடத்தில் சங்கத் தலைவர் மட்டும்தான் பேசுவார். விடுதியில் வெந்நீர் வரவில்லை என்றாலும், பெட்டி ஒன்று தொலைந்துவிட்டாலும் அவர் பேசுவார், மற்றவர்கள் பின்னால் நின்று தலையாட்டுவார்கள். ஆளுக்கொரு பக்கம் பேசிச் சண்டை வரக்கூடாது என்று வந்த பழக்கம். தலைவர் மரச்சாமான் கடை நடத்துபவர், பல மொழி தெரிந்தவர். நல்ல பழக்கம் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

அன்று பேருந்து மலை விளிம்பில் காத்து நின்றது. எல்லாரும் ஏறிவிட்டார்கள். சாவகாசம் மட்டும் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி, கட்டைச்சுவர் ஓரமாக, ஒரு மேகம் வருவதைப் போல வந்துகொண்டிருந்தார். பெயிண்ட் கடை அண்ணனும் தம்பியும் மதியமே குடித்திருந்தார்கள். பசி வேறு. "இன்னிக்கு இந்த ஆளுக்கு நேரம் பாக்கக் கத்துக் குடுத்துட்டு வரோம்" என்று சொல்லி இறங்கினார்கள். பேருந்தே சிரித்தது. ரொட்டிக்கடைக்காரரும் சிரித்தார்.

சன்னல் வழியாக எல்லாரும் பார்த்தார்கள். அண்ணன் சட்டையைப் பிடித்தான். தம்பி அறைந்தான். சாவகாசம் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவர்களுக்குக் கோபம் இன்னும் ஏறியது. அடுத்தடுத்து குத்து விழுந்தது. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார்கள். கட்டைச்சுவர் முழங்கால் உயரம்தான்.

அந்த நாட்டுப் போலீஸ் வந்தபோது தலைவர்தான் பேசினார். மற்றவர்கள் அவர் பின்னால் நின்று தலையாட்டினார்கள். என்ன சொன்னார் என்பதே பலருக்கு விமானத்தில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. சாவகாசம் பேருந்தைப் பிடிக்க ஓடி வந்தார், கால் வழுக்கிவிட்டது என்று.

"போனவன் திரும்பி வரப்போறதில்ல. தெரியாத ஊர் ஜெயில்ல நம்ம பசங்க கிடந்து சாகணுமா? பேசாம இருங்க" என்றார் தலைவர். எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். பேசாமல் இருப்பதுதான் அவர்களுக்குப் பழக்கமாயிற்றே.

ஆனால் அந்தப் பொய்யில் ஒரு கோளாறு இருந்தது. அந்நிய நாட்டுப் போலீசுக்கு அது தெரிய வழியில்லை. சாவகாசத்தை ஒரு நாள் பார்த்தவனுக்குக்கூடத் தெரியும்.

"அண்ணே, தபால்."

தெரு முழுக்கத் திறந்து, கடைசித் தட்டும் அடுப்பிலிருந்து இறங்கிய நேரத்தில் வாசலில் தபால்காரம்மா நின்றாள். சாவகாசத்தின் மனைவி. அந்தத் தெருவுக்குத் தபால் கொடுப்பவள் அவள்தான். கணவன் போன பிறகும் தெருவை மாற்றிக் கேட்கவில்லை. பேருந்தில் இருந்த அத்தனை பேரின் கடை வாசலுக்கும் தினமும் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தபாலைக் கையில் கொடுத்து, முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை குத்தலாகச் சொன்னதில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. முடிதிருத்துபவர் இப்போதெல்லாம் அவள் வரும் நேரம் பார்த்துப் பின்பக்கம் போய்விடுகிறார்.

"உள்ள வாங்கக்கா, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள் ரொட்டிக்கடைக்காரரின் மனைவி. அவள் சுற்றுலாவுக்குப் போகவில்லை, கடையைப் பார்த்துக்கொண்டவள். கணவன் அதைப் பற்றி வாயே திறக்காததை மட்டும் கவனித்திருந்தாள்.

தபால்காரம்மா பையை இறக்கி மாவு மூட்டை மேல் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். "ஒரு நல்ல சேதி. அனுமதி வந்திருச்சு."

"என்ன அனுமதிக்கா?"

"வழக்கு நடத்த. முதல்ல நம்ம ஸ்டேஷன்ல போய் நின்னேன்ல, 'அது அந்த நாட்டு விவகாரம்மா, அங்கேயே முடிஞ்சு போச்சு'ன்னு அனுப்பிட்டாங்க. அப்புறம் ஒரு வக்கீல் பொண்ணுதான் சொல்லுச்சு. நம்ம நாட்டு ஆளு வெளிநாட்டுல போய்க் கொலை பண்ணினாலும் நம்ம கோர்ட்டுலயே விசாரிக்கலாமாம். சட்டத்துலயே இருக்காம். அரசாங்கம் அனுமதி தரணும், அவ்வளவுதான். எத்தனை ஆபீஸ் படி ஏறினேன்னு எனக்கே தெரியாது. தபால்காரிக்கு நடக்கறது என்ன புதுசா?"

"அப்ப இனிமே சரியாயிடும்."

"எங்க? அந்த நாட்டுக் காகிதத்துல கால் வழுக்கினதுன்னுதானே இருக்கு. கண்ணால பார்த்த ஒரு ஆள் வேணுமாம். இல்லாட்டி மூடிருவாங்க." அவள் ரொட்டிக்கடைக்காரரைப் பார்க்கவில்லை. டீயை ஊதினாள்.

ரொட்டிக்கடைக்காரர் மாவைப் பிசைந்தார். ஏற்கெனவே பிசைந்த மாவு அது. முந்தின நாள் பெயிண்ட் கடைத் தம்பி வந்து பன் வாங்கிப் போயிருந்தான். போகும்போது, "நம்மெல்லாம் ஒரே குடும்பம்ணே. குடும்பத்துக்குள்ள ஒருத்தர் வாய் திறந்தா, அப்புறம் கடைக்கு யாரு வருவா சொல்லுங்க?" என்று தோளில் தட்டிவிட்டுப் போனான். தட்டிய இடத்தில் அந்தக் கையின் கனம் இன்னும் இருந்தது.

"அந்தக் காகிதத்தை எனக்குப் படிச்சுக் காட்டினாங்க" என்றாள் தபால்காரம்மா. "பஸ்ஸப் பிடிக்க ஓடி வந்தாராம்." அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று ரொட்டிக்கடைக்காரர் நினைத்தார். அவள் சிரித்துவிட்டாள். "ஓடினாராம். எங்க வீட்டுக்காரரு. கல்யாணத்தன்னைக்கு நான் மாலையோட உக்காந்திருக்கேன், மாப்பிள்ளையக் காணோம். எங்கப்பா தெருமுனை வரைக்கும் போய்ப் பார்த்தா, வழியில ஒரு சுவர்க் கடிகாரம் நின்னு போச்சுன்னு அதச் சரி பண்ணிக்கிட்டிருக்காரு."

ரொட்டிக்கடைக்காரரின் மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு தடவை நாய் துரத்திச்சேக்கா, அப்பக்கூட..."

"அப்பவும் நடந்துதான் வந்தாரு. நாய்தான் அலுத்துப்போய்த் திரும்பிருச்சு."

இருவரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அலமாரிக் கண்ணாடியில் ஆவி கலைந்து, எதிர்க்கடையின் மூடிய கதவு தெரிந்தது. ரொட்டிக்கடைக்காரரால் அந்தச் சிரிப்பைக் கேட்க முடியவில்லை. கடைசியாக இதே மனிதரைப் பற்றி ஒரு பேருந்தே சிரித்தது. அந்தச் சிரிப்பில் இவரும் இருந்தார். இன்னொரு தடவை அவரைப் பற்றிச் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிட அவரால் முடியாது.

"அவரு ஓடல" என்றார்.

இரண்டு பெண்களும் திரும்பினார்கள்.

"ஓடலம்மா. நடந்துதான் வந்தாரு. நான் சன்னல் ஓரத்துல இருந்தேன்." மாவுக் கையோடு நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். இறங்கியவர்களை, பிடித்த சட்டையை, தள்ளிய கைகளை. தான் சிரித்ததையும் சொன்னார். அவர் மனைவி மெல்லப் போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

தபால்காரம்மா டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, "அவரு பயந்தாரா?" என்று கேட்டாள்.

"இல்ல. கடைசி வரைக்கும் விளையாட்டுன்னுதான் நினைச்சாரு."

அவள் தலையை ஆட்டினாள். டீயைக் கடைசி வாய் வரை குடித்தாள். எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "மத்த கடைக்கெல்லாம் தபால் இருக்கு. நாளைக்கு வழக்கை விசாரிக்கிற ஆபீசர்கிட்ட வரீங்களா அண்ணே?"

ரொட்டிக்கடைக்காரர் மனைவியைப் பார்த்தார்.

"என்னை ஏன் பார்க்கறீங்க? கடைய நான் பார்த்துக்கறேன். ஆள் வராட்டி நம்ம ரொட்டிய நாமே தின்னுக்கலாம்" என்றாள் அவள்.

"நாளைக்கு எதுக்கு? கைய கழுவிட்டு இப்பவே வரேன்" என்றார் அவர்.

வாக்குமூலம் கொடுத்த விஷயம் மாலைக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. சங்கக் கூட்டம் கூடியது. மரச்சாமான் கடையின் பின்புறத்தில், விற்காத நாற்காலிகளில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பெயிண்ட் கடை அண்ணன் தம்பியும் வந்திருந்தார்கள்.

"இத்தனை வருஷமா இந்தச் சங்கத்துக்கு ஒரே குரல்னு பேரு" என்றார் தலைவர். "அதக் கெடுத்துட்டீங்களே."

"ஒரே குரல் இல்ல தலைவரே. ஒருத்தர் குரல்" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "நீங்க பேசினீங்க, நாங்க தலையாட்டினோம். நாங்க பொய் சொல்லலன்னு நினைச்சுக்கிட்டோம். ஆட்டின தலையும் பொய்தானே?"

"அது அந்த ஊர்ல நடந்தது. அந்த ஊரோட போகட்டும்னு விட்டிருக்கலாம்."

"விட்டுட்டு வந்தது பள்ளத்தாக்கத்தான். பார்த்த கண்ணு என் மூஞ்சியோடதானே திரும்பி வந்திருக்கு? தினம் அந்தம்மா வந்து தபால் குடுக்கும்போது அதே கண்ணாலதான் நான் பார்க்கணும்."

"அவ்வளவு நியாயஸ்தன்னா அன்னைக்கே இறங்கித் தடுத்திருக்கணும்" என்றான் பெயிண்ட் கடைத் தம்பி.

"ஆமாப்பா. தடுத்திருக்கணும்" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "தடுக்காததுக்கும் சேர்த்துத்தான் இப்ப பேசறேன்."

முடிதிருத்துபவர் தொண்டையைச் செருமினார். "எனக்கும் பின்பக்கமா போய்ப் போய் முதுகு வலிக்குது. நானும் பார்த்தேன். நாளைக்கு நானும் போறேன்." பூக்கடைக்காரி, "அந்த ஆபீசுக்கு எந்த பஸ்ஸு?" என்று கேட்டாள். ஒவ்வொரு நாற்காலியாக நகரும் சத்தம் கேட்டது. தலைவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாருக்கும் கடைசியில், எல்லாருக்கும் முன்னால் பொய் சொன்ன அவரும் போய் நடந்ததைச் சொன்னார்.

வழக்கு நடந்தது. அண்ணனுக்கும் தம்பிக்கும் தண்டனை கிடைத்தது. தலைவர் நீதிபதியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, அபராதமும் கட்டினார். ரொட்டிக்கடையில் கொஞ்ச நாள் கூட்டம் குறைந்தது. பிறகு, பசிக்கு யார் மேலும் கோபம் இல்லாததால், திரும்ப வந்தது. பெயிண்ட் கடையை இப்போது அண்ணன் மனைவி நடத்துகிறாள். சிறையிலிருந்து வரும் கடிதங்களை அவளிடம் கொண்டுபோய்க் கொடுப்பவளும் தபால்காரம்மாதான். "உங்களுக்கு எப்படிக்கா மனசு வருது?" என்று ரொட்டிக்கடைக்காரரின் மனைவி கேட்டதற்கு, "நான் கேட்டது நியாயம். அது கிடைச்சாச்சு. அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு, பாவம்" என்றாள்.

அடுத்த சுற்றுலாவுக்குத் தபால்காரம்மாவையும் அழைத்தார்கள். புறப்படும் காலை, சங்க அலுவலக வாசலில் பேருந்து நின்றது. தலைவர் உள்ளே இருக்கைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, போகிற நாட்டு மொழியில் எல்லாருக்கும் சில வாக்கியங்கள் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வேண்டும். வழி எது. உதவி செய்யுங்கள். முடிதிருத்துபவர் ஒவ்வொன்றையும் சண்டைக்குப் போவது போல உச்சரித்தார்.

"கடைசியா ஒண்ணு. இத மட்டும் யாரும் மறக்கக் கூடாது. 'நான் பார்த்தேன்'" என்றார் தலைவர். எல்லாரும் அந்த அந்நிய வார்த்தைகளைச் சேர்ந்து சொன்னார்கள்.

"சேர்ந்து வேணாம்" என்றார் தலைவர். "ஒவ்வொருத்தரா சொல்லுங்க. இனிமே உங்களுக்காக நான் பேச மாட்டேன். கடல் தாண்டிப் போய்த் தப்பு பண்ணினாலும் தப்பு தப்புதான். பண்ணினவனும் நம்ம ஆளு, பார்த்தவனும் நம்ம ஆளுன்னா, நியாயத்தை நம்ம ஊர்லயே கேட்கலாம், கேட்கணும். பார்த்தவன் வாய் திறந்தாத்தான் அது நடக்கும். இது எனக்கு ரொம்பத் தாமதமாத்தான் புரிஞ்சுது."

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பூக்கடைக்காரி சொன்னது மிகச் சரியாக இருந்தது.

அப்போது தெருமுனையில் தபால்காரம்மா தெரிந்தாள். தலையில் சங்கத்துத் தொப்பி. மூடிய கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி, எந்த அவசரமும் இல்லாமல் வந்துகொண்டிருந்தாள். ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஹாரனில் கை வைத்தார்.

ரொட்டிக்கடைக்காரர் எழுந்து அவர் தோளைத் தொட்டார். "வேணாம்ப்பா. மெதுவா வரட்டும். நமக்கு நேரம் இருக்கு."

காகிதத்தில் சுற்றிய ரொட்டியின் முனைத் துண்டு அவர் கையில் இன்னும் சூடாக இருந்தது.