மேலே கெட்டியான பனி

பாஞ்சாலை அக்கா தூக்குச்சட்டியில் பொங்கலோடு வந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். வேங்கிக்காலில் எங்கள் எதிர்வீடு. காரணமில்லாமல் எனக்குப் பொங்கல் கொடுக்கிற ஆள் இல்லை அவள். மகன் இனியன் இமாச்சலில் பனிமலை ஏறப் போயிருக்கிறானாம். கூட்டிப்போனவன் என் கணவன் குமரேசன். பனிமலைக்கு ஆள் கூட்டிப்போவதுதான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு. நான் சொன்னதை நம்பித்தான் அனுப்பினாளாம்.

"நான் என்னக்கா சொன்னேன்?"

போனை எடுத்துப் போட்டுக் காட்டினாள். என் குரல்தான். "மேல பனி நல்லா கெட்டியா இருக்கு. நடந்தா கால்கூட புதையல." அத்தோடு முடிந்தது.

போன வாரம் அந்த மலைச்சரிவில் பனி உறுதியாக இருக்கிறதா என்று குழி தோண்டிப் பார்த்துவிட்டு, ஊருக்குக் கிளம்பும் முன் குமரேசனுக்கு நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் பாதி அது. மீதியை வெட்டிவிட்டு இவளுக்கு அனுப்பியிருக்கிறான். மேலே கெட்டியாக இருப்பதுதான் பயமே என்று சொல்லியிருந்தேன். அடியில் பழைய பனி ரவை மாதிரி உதிர்கிறது, ஒட்டவே இல்லை. மண்வெட்டியை வைத்து லேசாகத் தட்டியதுமே மேல் அடுக்கு அப்படியே நழுவி விழுந்தது. ஆள் ஏறினால் பனிச்சரிவு கிளம்பும், யாரையும் ஏற்றாதே என்று முடித்திருந்தேன். இதையெல்லாம் நாங்கள் இருவரும் ஒரே பயிற்சியில்தான் கற்றோம். தெரியாமல் செய்யவில்லை அவன். தெரிந்தே செய்தான், அதுவும் என் வாயாலேயே.

கூப்பிட்டேன். அடிவாரத்தில் இருந்தான். காலையில் ஏறப் போகிறார்களாம். இவ்வளவு தூரம் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் அடுத்த வருஷம் ஒருத்தனும் வரமாட்டான் என்றான். இனியனிடம் கொடுக்கச் சொல்லி, அவனிடம் முழுசாகச் சொன்னேன்.

"உங்க ரெண்டு பேருக்கும் சண்டைன்னு அண்ணன் சொன்னாருக்கா. போன வாரம் நீங்க சொன்னதை நம்புறதா, இப்ப சொல்றதை நம்புறதா?"

பாஞ்சாலை அக்கா போனைப் பிடுங்கினாள்.

"டேய், உங்கப்பாவுக்கு நெஞ்சு வலி. உடனே கிளம்பி வா."

அவன் அப்பா அந்நேரம் கலெக்டர் ஆபீஸ் எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பையன் இப்பவே கிளம்புறேன் என்றான்.

இத்தனை வருஷம் பனியில் கிடந்து கற்றதற்கு இல்லாத மரியாதை ஒரு பொய்க்கு. சரி, அப்படியே ஆகட்டும் என்று அக்காவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். போன பசங்க எல்லாருமே இந்த ஊர்தான். செங்கம் ரோட்டில் ஓர் அம்மா மகனிடம் போனில் மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாமா ஐசியூவில் படுத்தார். பொழுது சாய்வதற்குள் ஊரில் பாதிப் பேருக்கு உடம்பு சரியில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் குமரேசன் கூப்பிட்டான்.

"எல்லாரும் கிளம்பிட்டாங்க. நீயே என்னைக் காட்டிக் கொடுத்துட்டியே, சிந்து."

காட்டிக் கொடுத்தது நானாம். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"காலைல நான் மட்டும் ஏறிக் காட்டுறேன். அப்புறம் பேசு."

வைத்துவிட்டான். திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை. அவனுக்கு அப்பா அம்மா கிடையாது. நெஞ்சு வலி என்று பொய் சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன். வெட்கத்தை விட்டு எனக்கு நெஞ்சு வலி என்று அதையும் எழுதி அனுப்பினேன்.

படித்துவிட்டான். பதில் வரவில்லை.