ஹென்றியின் இடது கை

என் மச்சான் ஹென்றிக்கு இருந்த உடம்பு தூத்துக்குடியில் சங்கு குளிக்கிற வேறு எவனுக்கும் கிடையாது. நாற்பதைத் தாண்டியும் புஜம் இரண்டும் திமிறிக்கொண்டு நிற்கும். எல்லாம் ஊசியின் உபயம். கப்பல் கம்பவுண்டர் ஒருவன் காளைச் சத்து என்று சொல்லி விற்றதை, உலகச் சண்டைக் காலத்திலிருந்து விடாமல் குத்திக்கொண்டார். வேண்டாமென்றால், "ஒனக்குப் பொறாமைலே பர்னபாஸு" என்பார்.

சுதந்திரம் வந்த மறு வருஷம், கரையில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மனுஷன் அப்படியே சரிந்தார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் கையைக் கீறி ரத்தம் எடுத்தார். கருப்பட்டிப் பாகு மாதிரி கறுத்து, இறங்க மாட்டாமல் இறங்கியது.

"அந்த ஊசி ரத்தத்தைக் கெட்டியாக்கிடுச்சு. மூளைக்குப் போற குழாயில உறைஞ்சு அடைச்சிருக்கு. நாம பேசுறது அவருக்குப் புரியுதான்னே எனக்குத் தெரியல" என்றார் டாக்டர்.

என் அக்கா இசபெல்லாவுக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும். "என்னத் தெரியுதா? நான்தான் இசபெல்லா" என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிவிட்டது. அவர் கண் உத்தரத்தை விட்டு அசையவில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஊசியா போட்டீரு ஊசி!" என்று அவர் இடது கையைப் பிடித்து உலுக்கினேன். அவர் விரல்கள் என் மணிக்கட்டைச் சுற்றி, ஒரு சுண்டு சுண்டின.

கடலில் இறங்குகிறவனின் கயிற்றை எங்களில் மச்சினன்தான் பிடிப்பான். கூடப் பிறந்தவள் தாலிக்கு அவனைவிட எவன் பயப்படுவான்? அடியிலிருந்து ஒரு சுண்டு வந்தால், நல்லா இருக்கேன் என்று அர்த்தம்.

"மச்சான், அக்கா இங்கன இருக்கா. தெரியுதா?"

மறுபடி ஒரு சுண்டு.

எத்தனையோ ஆழத்துக்கு நான் கயிறு விட்டிருக்கிறேன். ஒரு சாண் மண்டைக்குள் இத்தனை ஆழம் இருக்கும் என்று நினைத்ததேயில்லை. அதன் அடியில் மனுஷன் முழுசாக உட்கார்ந்து நாங்கள் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கர்த்தாவே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அப்போது அந்தக் கை விடாமல் சுண்ட ஆரம்பித்தது. நிறுத்தவேயில்லை.

"என்னலே சொல்லுதாரு?" என்றாள் அக்கா.

"மூச்சு முட்டுது, மேல இழுங்குதாருக்கா."

"பெறகென்ன பாத்துக்கிட்டு நிக்க? இழுலே!"