ஏழாவது டிங்கி

ஆறாவது டிங்கியையும் கத்பர்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். காரணம் என்ன தெரியுமா? நிறம்.

"சாம்பல் கலரா இருக்கு," என்றான். "தண்ணில கெடந்தா கண்ணுக்கே தெரியாது. நாளைக்கு எவனாவது மோட்டார் போட்ல வந்து மேல ஏத்திட்டுப் போயிருவான்."

டிங்கியை விற்க வந்த போனிஃபாஸ் பொறுமைசாலி. டிரல் விரிகுடா முழுக்கத் தேடினாலும் அவனைப்போல ஒரு பொறுமைசாலி கிடைக்க மாட்டான். "கலர்தான் குறைன்னா பெயின்ட் அடிச்சுக்கலாமே கேப்டன். டப்பாவும் நானே தர்றேன்."

"ரப்பர்ல பெயின்ட் நிக்காதுப்பா."

"இது ரப்பர் இல்ல கேப்டன். பைபர்."

"அதத்தான் நானும் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு கத்பர்ட் மணலில் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தான்.

ஒடெட் தலையில் அடித்துக்கொண்டாள். இந்த மனிதனுக்கு வாழ்க்கைப்பட்டு முப்பத்திநாலு வருடம். அதில் இந்த ஏழு மாதம் மட்டும் தனியாக ஒரு ஜென்மம். போனிஃபாஸ் அவளைப் பார்த்தான். அவள் வானத்தைப் பார்த்தாள்.

பாய்ப்படகு வைத்திருப்பவனுக்கு டிங்கி என்பது காலுக்குச் செருப்பு மாதிரி. படகு கரையை விட்டுத் தள்ளி நங்கூரத்தில் கிடக்கும். அதற்குப் போக, கரைக்குத் திரும்ப, சாமான் ஏற்ற, இறக்க, எல்லாவற்றுக்கும் இந்தக் குட்டித் தோணிதான். அவர்களுடைய பழைய டிங்கி செப்டம்பர் காற்றில் பாறையில் மோதிச் சுக்குநூறாகிவிட்டது. அன்றிலிருந்து அவர்களுடைய 'ஸ்டெல்லா' நடுத்தண்ணீரில் அநாதையாக ஆடிக்கொண்டிருக்கிறது. இருபத்தாறடிப் படகு. கத்பர்ட் கையால் கட்டியது. பாய் இரண்டும் ஒடெட் தைத்தவை.

முதலில் பார்த்தது காற்றடிக்கிற ரப்பர் டிங்கி. "கடல் முள்ளெலி குத்தினா முடிஞ்சுது கதை," என்றான். இரண்டாவது மரப்பலகையில் செய்தது, பார்க்க அம்சமாக இருந்தது. "வெளிம்புல கால வெச்சா கவுந்துரும்." அது உண்மைதான், ஒடெட்டே ஒப்புக்கொண்டாள். மூன்றாவது கனம். நான்காவதுக்கு மூக்கு சப்பை. ஐந்தாவது எல்லாவிதத்திலும் சரியாக இருந்தது, ஆனால் விற்பவனுடைய அப்பன் ஒரு காலத்தில் யாருடைய ஆட்டையோ திருடினானாம். ஆடு திருடியவன் மகனிடம் டிங்கி வாங்கக்கூடாது என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது? கல்லுளிமங்கன்.

இன்னொன்றும் இருந்தது. அந்த ஊரில் டிங்கி வாங்குகிறவன் முதல் வேலையாக அதைத் தண்ணீரில் தள்ளி ஏறி நிற்பான், இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்ப்பான். கத்பர்ட் ஆறு டிங்கியையும் மணலில் வைத்தே பார்த்தான். சுற்றி வந்தான், காலால் எட்டி உதைத்தான், உதட்டைப் பிதுக்கினான். ஒரு தடவைகூடத் தண்ணீரில் இறக்கச் சொல்லவில்லை.

ஏன் என்று ஒடெட்டுக்குத் தெரியும். அதுதான் அவள் வயிற்றெரிச்சலே.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு நாள் காலையில் எழுந்தபோது அவனுடைய வலது கை விரல்கள் மடங்கவில்லை. கிரெனடாவுக்குக் கப்பலேறிப் போய் டாக்டரைப் பார்த்தார்கள். கழுத்து நரம்பு என்றார் டாக்டர். கொஞ்சம் சரியாகும், முழுசாக ஆகாது என்றார். திரும்பி வருகிற கப்பலில் கத்பர்ட் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினான். "இது யாருக்கும் தெரியக்கூடாது." அதற்குப் பிறகு அந்தக் கையைப்பற்றி அவளிடம்கூட வாய் திறக்கவில்லை. ரம் கிளாஸை இடது கையில் பிடித்தான். வலது கையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு பெரிய மனுஷன் மாதிரி நடந்தான்.

டிங்கியிலிருந்து படகுக்கு ஏற வேண்டுமானால் ஆடுகிற தோணியில் எழுந்து நின்று, மேலே இருக்கிற கம்பியை இரண்டு கையாலும் பற்றி, உடம்பைத் தூக்கிப்போட வேண்டும். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கேப்டன் கடைசியில் ஏறுவான், தானாக ஏறுவான். அவனுக்கு யாரும் கை கொடுக்க மாட்டார்கள். கை வாங்கி ஏறுகிறவன் பயணி. எழுபத்தெட்டு வயதுக் கிழவன் ஒருவன் அப்படித்தான் தானாக ஏறப்போய்த் தண்ணீரில் விழுந்து, செத்துப் பிழைத்தான். கரையில் நின்ற இருபது பேர் மரியாதையாக வேடிக்கை பார்த்தார்கள். பைத்தியக்கார ஊர்.

அன்று சாயங்காலம் உப்புமீனும் வறுத்த ரொட்டியும் வைத்தபோது கத்பர்ட் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மார்ட்டினிக் தீவுலேர்ந்து ஒரு பல் டாக்டர் போன் பண்ணான். ஈஸ்டர் முடிஞ்சு செவ்வாக்கிழமை வர்றானாம். ஸ்டெல்லாவப் பாக்க."

"எதுக்குப் பாக்கணும்?"

"போக முடியாத படக வெச்சு என்ன பண்றது? ஒரு நல்ல டிங்கி கூட இந்தத் தீவுல கெடைக்கல."

ஒடெட் கையிலிருந்த ரொட்டியைத் தட்டிலேயே போட்டாள். திங்கள் முதல் சனி வரை அவள் விருந்தினர் விடுதியில் ஊரார் படுத்த விரிப்புகளைத் துவைக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவில் பாயை விரித்துவிட்டால் அவளை ஏவ ஒருவரும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையை ஒரு பல் டாக்டருக்கு விற்பானாம்! உன் கைதான் காரணம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் உடைந்து போவான். சொல்லாவிட்டால் படகு போய்விடும். சனியனே, நீயே சொல்லித் தொலையேன் என்று மனதுக்குள் கத்தினாள்.

மறுநாள் ரூஃபஸின் ரம் கடைக்குப் போனாள். கடை நிறைய ஆட்கள். வேண்டுமென்றே ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து, பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"என்னக்கா ஆச்சு?" என்றான் ரூஃபஸ்.

"என்னத்தச் சொல்ல. ரெண்டு முட்டியும் போச்சு. டிங்கில நின்னாலே கிடுகிடுன்னு வருது. அந்த மனுஷன் பாவம், எனக்குத் தோதா ஒண்ணு தேடித் தேடியே ஓய்ஞ்சுட்டாரு. அகலமா, ஆடாம, ஏணி வெச்சு எதுனா இருக்கா?"

கடையே சிரித்தது. துவைத்த விரிப்பு மூட்டைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு மேடேறுகிற ஒடெட்டுக்கு முட்டி போய்விட்டதாம்! "வயசாயிருச்சுக்கா," என்றான் ஒருவன். "ரொட்டியக் கொறைங்க," என்றான் இன்னொருவன். ஒடெட்டுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரூஃபஸிடமே ஒன்று இருந்தது. எதிர்த் தீவுக்குச் சிமென்ட் மூட்டை ஏற்றிப் போவதற்காக அவன் அண்ணன் செய்தது. தட்டையான அடி, நல்ல அகலம், நான்கு படி வைத்த மர ஏணி. பார்க்க மாட்டுத் தொட்டி மாதிரி இருந்தது. துடுப்புப் போட்டால் ஆமை வேகம். ஆனால் விளிம்பில் ஏறிக் குதித்தாலும் அசையவில்லை. ஒடெட்டே ஏறிக் குதித்துப் பார்த்தாள், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து.

கத்பர்ட் வந்து ஒரு சுற்றுச் சுற்றினான். ஏணியைப் பார்த்தான். இடது கையால் அதை அசைத்துப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான்.

ஏழு மாதம்! ஆறு டிங்கி! இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை!

"கலர் பரவால்லயா?" என்று ஒடெட் கேட்டாள்.

"கலர்ல என்ன இருக்கு? உன் முட்டிக்குத் தோதா இருக்கணும், அவ்வளவுதான்." சொல்லிவிட்டு ரூஃபஸ் பக்கம் திரும்பி, "பொம்பளைங்களுக்கு வயசானா நாமதானப்பா விட்டுக் குடுக்கணும்," என்றான்.

ஒடெட் பல்லைக் கடித்த சத்தம் அவளுக்கே கேட்டது.

ஈஸ்டர் திங்களன்று, ஊர் வழக்கப்படி, கரையெல்லாம் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி ஊர் படகுத்துறையில் நின்றது. கேப்டன் பொண்டாட்டியை எப்படி ஏற்றப்போகிறான் என்று பார்க்கத்தான். ஸ்டெல்லா கூப்பிடு தூரத்தில்தான் கிடந்தது. ஒடெட் துடுப்புப் போட்டாள். கத்பர்ட் பின்னால் ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தான்.

படகோடு அணைத்து ஏணியை மாட்டியதும் அவள் முனகிக்கொண்டு எழுந்தாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு "அம்மா!" போட்டாள். துறையிலிருந்து ரூஃபஸ் கத்தினான்: "கேப்டன், கப்பி கட்டித் தூக்குங்க! கப்பல்ல மாடு ஏத்துற மாதிரி!"

துறை முழுக்கச் சிரிப்பு. ஒடெட் குனிந்து பார்த்தாள். கத்பர்ட்டும் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் தலையில் துடுப்பாலேயே ஒன்று போட்டால் என்ன என்று தோன்றியது. மேலே ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இப்போது அவன் முறை. இடது கையால் ஏணியைப் பிடித்தான். வலது முழங்கையைப் படியில் கோத்துக்கொண்டான். ஒரு படி. இரண்டு. மூன்று. அந்த நேரம் பார்த்து ஒரு மீன்படகு கடந்து போனது. அதன் அலையில் ஸ்டெல்லா ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேலே போக வேண்டுமானால் இடது கையை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடிக்க வேண்டும். விட்டால் அவனைத் தாங்க வலது கை இல்லை.

அவன் அப்படியே நின்றான்.

ஒடெட் கம்பியை இறுகப் பிடித்தாள். கை நீட்ட அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவளாக நீட்டினால் ஊர் பார்க்கும், அவன் பயணியாகிவிடுவான், அதன்பிறகு ஸ்டெல்லா பக்கமே வரமாட்டான். அவன் என்ன சொல்லப்போகிறான் என்றும் தெரியும். புகையிலைப் பைப்ப மறந்துட்டேன், இன்னொரு நாள் போலாம். நாளைக்குப் பல் டாக்டர் வந்துவிடுவான். கடவுளே, எப்படியாவது ஏறிவிடு என்று வேண்டிக்கொண்டாள்.

"என்ன கேப்டன்," என்று ரூஃபஸ் மறுபடியும் கத்தினான். "அக்கா ஏறுனதுல படி ஒடைஞ்சு போச்சா?"

துறை இன்னொரு தடவை சிரித்தது. இந்தத் தடவை கத்பர்ட் சிரிக்கவில்லை. ஏணியில் தொங்கியபடியே கழுத்தை மட்டும் கரைப்பக்கம் திருப்பினான்.

"டேய் ரூஃபஸ்! அவ முட்டிக்கு ஒரு கேடும் இல்ல. உன்னையும் உன் அண்ணனையும் ரெண்டு தோள்ல தூக்கிட்டு மேடு ஏறுவா அவ. என் கைதான் போச்சு. ஆகஸ்ட்லேர்ந்து. போதுமா? இனிமே எவனாவது அவளப் பாத்துச் சிரிச்சீங்க..."

மிரட்டலை எப்படி முடிப்பது என்று தெரியாமல் நிறுத்தினான். அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். முகம் சிவந்து, மூச்சு வாங்கியது.

"ஒடெட்," என்றான். எல்லாருக்கும் கேட்கிற குரலில்தான் சொன்னான். "கை குடு."

சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளுக்கோ ஏழு மாதக் கோபமும் ஒன்றாகச் சேர்ந்து வந்தது.

"இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்னய்யா!" ஒரு கையால் அவன் மணிக்கட்டையும் மறு கையால் சட்டைக்காலரையும் பிடித்து இழுத்துக்கொண்டே கத்தினாள். "ஆறு டிங்கி! ஆடு திருடனாம், கலராம், மூக்கு சப்பையாம்! ஊரு பூரா என்னைக் கெழவியாக்கிட்டு, கூட நின்னு நீயும் இளிச்சியேய்யா!"

"இழுடி, கழுத்து நெரியுது!"

"நெரியட்டும்!"

கம்பியைத் தாண்டி அவன் பலகைமேல் தொப்பென்று விழுந்தான். எழுந்து உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டான். ஒடெட் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுதாளா, வியர்வையா, அவளுக்கே தெரியாது.

"அந்தப் பல் டாக்டர வரவேணாம்னு சொல்லிரு," என்றான் கத்பர்ட்.

"நீயே சொல்லு. வாய் நல்லாத்தான இருக்கு?"

வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு மெதுவாக, "பாய்க் கயிறும் என்னால இழுக்க முடியாது," என்றான்.

"தெரியும்."

"சட்டை பட்டனும் போட வரல."

"தெரியும்யா. தெனமும் நானும்தான பாக்கறேன். நீ கண்ணாடி முன்னால நின்னு அர மணி நேரம் போராடுறத."

"அப்ப ஏன் கேக்கல?"

ஒடெட் குனிந்து, அவன் தவறான ஓட்டையில் மாட்டியிருந்த மூன்றாவது பட்டனைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். அவன் தடுக்கவில்லை. துறையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.