இடது கட்டைவிரல்

சைக்கிள் பந்தய உலகில் அவனுக்குத் தண்ணிக்காரன் என்று பெயர். கேட்டதும் வேறு எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். அவன் ஒரு சொட்டுக்கூடத் தொடாதவன். பின்னால் வரும் அணியின் காருக்குப் போய், தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் முதுகிலும் வயிற்றிலும் திணித்துக்கொண்டு, மூச்சு முட்ட மிதித்து முன்னேறித் தன் அணிக்காரர்களுக்குக் கொடுப்பது அவன் உத்தியோகம். பன்னிரண்டு வருஷம் அதற்குத்தான் சம்பளம் வாங்கினான். ஒரு பந்தயத்திலும் அவன் ஜெயித்ததில்லை. ஜெயிக்கும்படி யாரும் அவனைக் கேட்டதும் இல்லை.

ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிவிட்டது. இப்போது ஒரு சைக்கிள் கடையின் பின்னறையில் சக்கரங்களுக்குக் கோணல் எடுக்கிறான். வாடிக்கையாளர்கள் முன்பக்கத்தோடு போய்விடுவார்கள். சக்கரம் மட்டும் சீட்டுக் கட்டிக்கொண்டு பின்பக்கம் வரும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவன் பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நூற்றைம்பது பேர் தோளோடு தோள் உரசிப் போகிற கூட்டத்தில் வாலிபத்தைக் கழித்தவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. வருஷத்தில் இருநூறு நாள் வெளியூரில் கிடக்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? யாரும் கொடுக்கவில்லை.

பந்தய நாட்களில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தன் அறைக்கு வந்து டிவியைப் போடுவான். சத்தத்தை மட்டும் அடியோடு நிறுத்திவிடுவான். வர்ணனை செய்கிற மகானுபாவர்கள் மலையின் அழகையும் கோட்டையின் வயதையும் சொல்வார்களே தவிர, ஓட்டுகிறவன் படும் பாட்டை ஒரு நாளும் சொன்னதில்லை என்பது அவன் கட்சி. அதனால் அவனே சொல்வான். "அவனுக்கு இடுப்பு பிடிச்சிருக்கு, பாரு." "இவன் சும்மா நடிக்கிறான், காலு இன்னும் புதுசா இருக்கு." எதிரே சுவர்தான். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அந்தச் சுவருக்கு இருந்ததோ என்னவோ, போய்ச் சொல்ல வாய் இல்லை. அவன் இஷ்டத்துக்குப் பேசிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பத்து மணிக்கு அவன் போன் அடிக்கும். கொக்கு கூப்பிடுவான். நீண்ட காலும் நீண்ட கழுத்துமாக இருப்பவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஒன்பது வருஷம் இருவரும் ஒரே அணி. ஓட்டல்களில் ஒரே அறை. தண்ணிக்காரன் சுமந்த தண்ணீரில் பாதியைக் குடித்தவன் கொக்குதான். அவன் இன்னும் பந்தயத்தில் இருந்தான். அரை மணி நேரம் பேசுவான். அதில் தண்ணிக்காரனுக்கு ஒரு வாரம் ஓடிவிடும்.

கொக்கு பேட்டி ஒன்றில் வாய்விட்டதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பழைய வீரர்களில் யார் நல்ல வர்ணனையாளராக வருவார் என்று கேட்டிருக்கிறார்கள். பெரிய பெரிய சாம்பியன்களின் பெயரைச் சொல்வான் என்று எதிர்பார்த்தவர்களிடம் அவன் சொன்னது இதுதான்: "முதல்ல போறவனுக்கு ரோடு மட்டும்தாங்க தெரியும். எங்க தண்ணிக்காரனைக் கூப்பிடுங்க. பின்னால இருந்து எல்லாரையும் பாத்தவன் அவன் ஒருத்தன்தான்."

டிவிக்காரர்கள் உடனே கூப்பிட்டுவிடவில்லை. முதலில் ஒரு சாம்பியனை உட்காரவைத்துப் பார்த்தார்கள். அவர் நாலு மணி நேரமும் தன் பழைய வெற்றிகளையே ஓட்டிக்கொண்டிருந்தார். கண்ணெதிரே நடந்த பந்தயம் அநாதையாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் பிறகே தண்ணிக்காரனுக்கு அழைப்பு வந்தது. ஒரே நாள் சோதனை. தேறினால் அடுத்த வருஷம் முழுக்க வேலை. தேறாவிட்டால் பழையபடி பின்னறை. நாலு பேரோடு உட்கார்ந்து பேச இதை விட்டால் தனக்கு வேறு வழி வராது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அன்று ஏழு நாள் பந்தயத்தின் கடைசி நாள், கடைசி மலை. முந்தைய ஆறு நாள் நேரத்தையும் கூட்டிய மொத்தக் கணக்கில் கொக்கு நாற்பது விநாடி முன்னிலையில் இருந்தான். முப்பத்தெட்டு வயது, அதுவே அவன் கடைசி வருஷம், பெரிய பந்தயம் ஒன்றையும் ஜெயித்ததில்லை. அன்று மலை உச்சிவரை தாங்கினால் போதும்.

முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் பலகையால் அடித்த சின்ன அறை. உள்ளே மூன்று திரைகள், இரண்டு ஒலிவாங்கிகள், இருபது வருஷமாக வர்ணனை செய்யும் ஒரு பெரியவர். தண்ணிக்காரன் தலையில் ஹெட்ஃபோனை மாட்டியதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முதல் அரை மணி நேரத்தில் "ஆமாங்க" என்று இரண்டு தடவையும் "வெயில் ஜாஸ்திதான்" என்று ஒரு தடவையும் சொன்னான். பெரியவர் கேள்விமேல் கேள்வி போட்டுத் தள்ளிப் பார்த்தார், வண்டி நகரவில்லை.

விளம்பர இடைவேளையில் தயாரிப்பாளர் அம்மாளின் குரல் காதில் வந்தது. வீட்டில் யாருடன் பந்தயம் பார்ப்பீர்கள் என்று கேட்டார். தனியாக என்றான்.

"அப்ப ஒண்ணு செய்யுங்க. எங்களை எல்லாம் மறந்துடுங்க. உங்க ரூம்ல உக்காந்து எப்படிப் பாப்பீங்களோ, அப்படியே பாருங்க."

அவன் மறந்தான். மூன்று வருஷப் பழக்கம், மறப்பது சுலபமாகவே இருந்தது. திரையைத் தவிர மற்றதெல்லாம் மங்கிப்போக, அவன் வாய் தானாகத் திறந்துகொண்டது. யார் எதற்காகக் கூட்டத்தின் வலது ஓரம் ஒதுங்குகிறான், எவன் எவனோடு கண்ணால் பேசி வைத்திருக்கிறான், எவன் சாப்பிட மறந்துவிட்டான், எல்லாம் வந்து விழுந்தன. பெரியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

உச்சிக்கு மூன்று கிலோமீட்டர் இருந்தபோது முன்னால் ஐந்து பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். கொக்கு சலனமில்லாமல் மிதித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வந்த எதிராளியிடம் ஏதோ பேசிச் சிரிக்கவும் செய்தான். மொத்தக் கணக்கில் அவனுக்கு அடுத்த இடத்தில் இருந்தவன் அந்த எதிராளிதான். கொக்குவின் சிரிப்பைப் பார்த்து, மோதிப் பயனில்லை என்று அடங்கிக் கிடந்தான்.

கொக்குவின் இடது கட்டைவிரல் கைப்பிடியிலிருந்து மெல்ல எழுந்தது.

"அதோ, கட்டைவிரலைத் தூக்கிட்டான்," என்றான் தண்ணிக்காரன். "தீந்துபோச்சு. இனி ஒரு கிலோமீட்டர் தாங்கினா அதிகம். மூஞ்சியைப் பாக்காதீங்க, அது பொய். அந்த விரல் ஒண்ணுதான் நிஜம். இப்ப எவனாவது எகிறினா இவனால பின்னாலயே போக முடியாது."

பெரியவர் பலே என்பதுபோல் அவன் முழங்கையைத் தட்டினார்.

அந்த விரலைப் பற்றி உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அந்தக் காலத்தில் அது எழும்போதெல்லாம் தண்ணிக்காரன் எங்கிருந்தாலும் விரைந்து வந்து கொக்குவின் இடது பக்கம் ஒட்டிக்கொள்வான், வேறு யார் கண்ணிலும் படாமல் இருக்க. அப்படி மறைத்து மறைத்தே பல மலைகளைத் தாண்டியிருக்கிறார்கள்.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. திரையில் எதிராளி தன் காதில் இருந்த கருவியை விரலால் அழுத்திக்கொண்டான். பிறகு தலையைத் திருப்பினான். அவன் கொக்குவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான்.

தண்ணிக்காரன் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கீழே வைத்தான். ஒவ்வொரு அணியின் காரிலும் டிவி ஓடும், அங்கே கேட்டது ஓட்டுகிறவன் காதுக்குப் போய்விடும் என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்? பாட்டில் எடுக்கப் போகிற இடத்தில், "டிவில இப்படிச் சொல்றாங்க, போய் நம்ம ஆளுங்ககிட்டச் சொல்லு" என்று மேலாளர் சொல்ல, அதையும் தண்ணீரோடு சேர்த்துச் சுமந்தவன் அவன்தானே. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணலுக்கு ஒன்றும் ஆகவில்லை, கெட்டது கொக்கு.

எதிராளி சீட்டை விட்டு எழுந்து மிதித்தான். கொக்கும் எழுந்து நாலு மிதி துரத்தினான், பிறகு சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். உச்சியில் ஒன்றரை நிமிஷம் பின்தங்கி வந்தான். நாற்பது விநாடி முன்னிலையும் போயிற்று, பந்தயமும் போயிற்று. மீதி வர்ணனையைப் பெரியவர் தனியாகவே செய்து முடித்தார். தண்ணிக்காரன் அறையை விட்டு வெளியே வந்தபோது தயாரிப்பாளர் அம்மாள் கையைப் பிடித்துக் குலுக்கி, இப்படியொரு வர்ணனையைத் தன் அனுபவத்தில் கேட்டதில்லை என்றார். வேலை உறுதியாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு அவனே கூப்பிட்டான்.

கொக்கு எடுத்தான். "நல்லாப் பேசின," என்றான்.

"யாரும் கேக்கறாங்கன்னு எனக்குத் தோணவே இல்லடா."

"தெரியும்," என்றான் கொக்கு. "உன்னை எனக்குத் தெரியாதா? அதனாலதான் திட்டக்கூட முடியல." பிறகு, வைக்கிறேன் என்று வைத்துவிட்டான். அதன் பிறகு கூப்பிட்டபோதெல்லாம் மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

அடுத்த வருஷத்தின் முதல் பந்தயத்தன்று, ஒலிவாங்கி முன் உட்காரப் போகும்முன், மனசு கேட்காமல் இன்னொரு தடவை கூப்பிட்டான். கொக்குவின் மனைவி எடுத்தாள். நல்ல பெண், தண்ணிக்காரனை வாய் நிறைய அண்ணா என்பவள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"டிவி முன்னாலதான் உக்காந்திருக்காரு அண்ணா. நீங்க பேசற நாள்னு அவருக்குத் தெரியும்."

"கேக்கட்டும்மா. அது போதும் எனக்கு."

அவள் தயங்கினாள். "சத்தத்தை நிறுத்திட்டுத்தான் பாக்கறாரு அண்ணா."

உள்ளேயிருந்து பெரியவர் கையசைத்துக் கூப்பிட்டார். தண்ணிக்காரன் போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நாலு மணி நேரம் பேசினான், நன்றாகவே பேசினான். எத்தனையோ லட்சம் பேர் கேட்டதாக மறுநாள் கணக்குச் சொன்னார்கள். அவனுக்கென்னவோ, பேசிய நேரம் முழுக்கத் தன் அறையின் சுவர்தான் எதிரே நின்றது.