ஓசிச் சவாரி

சும்மாதான் கூட்டிப்போனான் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். என் வாயால் கெட்டேன்.

தொண்ணூற்று மூன்றில் பேத்தி வேணிக்கு மொட்டை போடத் திருச்செந்தூர் போனோம். என் மகன் மகேஷின் சிநேகிதன் காஜா முகைதீன், பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவன், தன் அம்பாசிடரைத் தானே ஓட்டி வந்தான். திரும்பும்போது ஸ்ரீவைகுண்டம் தாண்டிக் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டான். குறுக்கே வந்த மாட்டுக்கு ஒதுக்கப்போய் கார் பாலக்கட்டையில் மோதியது. முன்சீட்டில் இருந்த மகேஷ் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. மருமகள் சித்ரலேகாவுக்கு அப்போது இருபத்தாறு வயது.

மகேஷுக்கு மில்லில் வேலை, பென்ஷன் கிடையாது. கார் இன்சூரன்ஸில் இரண்டு லட்சத்துக்கு மேல் வரும், அதை வைத்து வேணியைக் கரையேற்றிவிடலாம் என்றார் வக்கீல். எங்களுக்கு வேறு பிடிமானம் இல்லை.

மூன்றாம் மாதம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விசாரிக்க ஒருவர் வீட்டுக்கு வந்தார். மகேஷின் படத்தைக் கும்பிட்டார், காப்பி குடித்தார். கிளம்புகிற நேரத்தில் பேச்சுவாக்கில் கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, அந்தப் பட்டறைக்காரரு உங்க எல்லாத்தையும் சும்மாவா கூட்டிட்டுப் போனாரு?"

எனக்குச் சுருக்கென்றது. வயலெல்லாம் போன பிறகும் வறட்டு ஜம்பம் மட்டும் போகாத குடும்பம் எங்களுடையது.

"ஓசில போற ஆளுவ இல்ல வே நாங்க. அவன் வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல முந்நூறு ரூவாய அவன் சட்டைப்பையில திணிச்சேன்."

அதை எழுதி என்னிடம் நீட்டினார். முப்பத்திரண்டு வருஷம் தாலுகா ஆபீசில் ஊராரிடம் வாக்குமூலம் எழுதி வாங்கியவன் நான். கண்ணாடியைப் போட்டு வாசித்துப் பார்த்தே கையெழுத்துப் போட்டேன்.

சொந்த உபயோகத்துக்கென்று இன்சூர் செய்த காரை வாடகைக்கு ஓட்டினால் கம்பெனி பணம் தர வேண்டியதில்லையாம். சிநேகிதத்துக்குத்தான் போனோம், வாடகை பேசவில்லை என்று காஜா கோர்ட்டில் சாதித்தான். அடுத்து என்னைக் கூண்டில் ஏற்றி அந்தத் தாளைக் காட்டினார்கள். பெட்ரோலுக்குத்தான் கொடுத்தேன் என்றேன். அந்தச் சொல் இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். இல்லை.

நாலு வருஷம் இழுத்துத் தீர்ப்பு வந்தது. கம்பெனிக்குப் பொறுப்பில்லை, இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்தையும் காஜாவே கட்ட வேண்டும். அவனுக்கு இருப்பது அந்தப் பட்டறை ஒன்றுதான். ஹைகோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். "உங்க கையெழுத்து அங்கேயும் வரும்" என்றார் வக்கீல்.

பட்டறையை ஜப்தி செய்யக் கேட்கும் மனுவில் சித்ரலேகா கையெழுத்துப் போட வேண்டிய நாளில் காஜாவும் வக்கீல் வீட்டுக்கு வந்திருந்தான்.

"போடட்டும் ஐயா. மகேஷ் பிள்ளைக்குத்தானே போகுது."

"என்னை ரெண்டு வார்த்தை ஏசிட்டுப் போப்பா" என்றேன்.

"உள்ளதத்தானே சொன்னிய" என்றான். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சித்ரலேகா கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடிக்கொண்டே அவனிடம் கேட்டாள். "பட்டறை போச்சுன்னா என்ன அண்ணே செய்வீக?"

"எங்கனயாவது கூலிக்கு நிப்பேன் தங்கச்சி."

அவளுக்கு அழுகை வெடித்தது. மகேஷ் போன அன்று என் தோளில் சாய்ந்து அழுத பிள்ளை அவள். இன்று நான் கிட்டே போனதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.