கடையடைப்பு நாளில் ஓடிய பஸ்

மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளத்துக்கு ஒரு பஸ் காக்கையை முந்திக்கொண்டு போனது. நான் அதில்தான் உட்கார்ந்திருந்தேன். கூடவே பறந்து வந்த காக்கை தோப்பும்படிப் பாலத்தில் மூச்சு வாங்கி, வெட்கத்தை விட்டு எங்கள் பஸ்ஸின் கூரையில் ஏறிக்கொண்டது. டிக்கெட் எடுக்கவில்லை. கண்டக்டரும் கேட்கவில்லை.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். துறைமுக ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற இந்த வெங்கிடராமன் எதைச் சொன்னாலும் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்க வேண்டும் என்பது எங்கள் தெருவின் சட்டம். சட்டத்தை இயற்றியவன் பக்கத்து வீட்டு ரஷீது. மெத்தைக் கடை வைத்திருக்கிறான். அவன் மெத்தைகளில் பாதி கடைக்குள் இருக்கும், பாதி ரோட்டில் சாய்ந்திருக்கும்.

அந்த ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் ஒரு மாடு நின்று திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் எதிர்க்கடைக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். இப்படிப்பட்ட ரோட்டின் இடது ஓரத்தை பஸ்ஸுக்கு மட்டும் ஒதுக்கப்போவதாக ஒரு திட்டம் வந்தது. உடனே எதிர்ப்புக் குழு உண்டானது. செயலாளர் ரஷீது.

அவன் மனைவி லதீஃபாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் எறணாகுளத்தில் டயாலிசிஸ். அவளுக்கென்று வைத்த நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அடுத்தவர் மெஷினில் படுத்துவிடுவார். இவளுக்கு மிஞ்சிய நேரம்தான், அரைகுறைச் சுத்தம்தான். ஆட்டோ எங்கள் ரோட்டைத் தாண்டுவதற்குள்ளேயே பெரும்பாலான நாட்களில் அந்த நேரம் கரைந்துவிடும்.

"உன் ஆத்துக்காரிக்காகவாவது அந்த பஸ் வரட்டுமே, ரஷீதே" என்றேன்.

"லோடு லாரி நிக்க எடமில்லேன்னா கடை இல்லை, ஸ்வாமி. கடை இல்லேன்னா அவளுக்கு ஆஸ்பத்திரியே இல்லை. பின்னே பஸ் வந்து ஆருக்கு? அதும்போக, நம்ம ரோட்டிலே பஸ் ஓடுமா? ஆம்புலன்ஸே இங்கே நின்னு சாயா குடிச்சிட்டுத்தானே போகுது."

இதில் தள்ளுவதற்குப் பாதி இல்லை.

ஒரு நாள் மட்டும் சோதனை ஓட்டம் என்று அறிவித்தார்கள். இடது ஓரம் முழுக்கச் சிவப்புக் கூம்புகளை நட்டு வைத்தார்கள். குழு கூடி ஆலோசித்தது. எதிர்ப்பைக் காட்ட எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்றுதானே இருக்கிறது? அன்று முழுநாள் கடையடைப்பு.

அடடா, அந்தத் தீர்மானத்தை எழுதிய கைக்குத் தங்கக் காப்பு போடலாம். ரோட்டை மறிக்க வேண்டுமென்றால் வழக்கம்போலக் கடையைத் திறந்து வைத்திருந்தாலே போதும். அடைத்துவிட்டார்கள். லாரி வரவில்லை, மெத்தை வெளியே வரவில்லை, சரக்கு வாங்க ஆள் வரவில்லை, ஆளில்லாததால் ஸ்கூட்டர் இல்லை. காலையில் வாசலைத் திறந்து பார்த்தால் கடல் வற்றியதுபோல ரோடு கிடக்கிறது. இந்த ரோட்டுக்குத் தரை உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஆட்டோக்காரர்களும் கடையடைப்புக்கு ஆதரவு. செயலாளர் வீட்டுக்கே வண்டி இல்லை. ரஷீது ஊர்வலத்துக்குக் குழு ஆட்களைத் திரட்டப் போயிருந்தான். லதீஃபா பையும் கையுமாக வாசலில் நின்றிருந்தாள்.

"வா, குழந்தை. உன் மாப்பிள்ளை எதிர்க்கிற பஸ்ஸிலேயே போவோம்" என்றேன்.

"அவருக்குத் தெரிஞ்சா கொல்லுவார், அண்ணே."

"கொல்றதுன்னா அவன் ஓடி வந்து பஸ்ஸைப் பிடிக்கணுமோல்லியோ?"

பிடித்திருக்க முடியாது. பஸ் புறப்பட்டது எனக்கு நினைவிருக்கிறது, நின்றது நினைவில்லை. லதீஃபா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே இறங்கியபோது அவளுக்கு முந்தைய நோயாளிக்கே உள்ளே பாதிதான் முடிந்திருந்தது. சாயாக் கடையில் உட்கார்ந்தோம். அவள் தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியவள். அரை கிளாஸ் போதும் என்றாள். குடித்துவிட்டு, "இன்னைக்கு அந்த மெஷின் எனக்குக் காத்துக் கிடக்கட்டும்" என்று சிரித்தாள். எத்தனையோ வருஷமாக அவளைப் பார்க்கிறேன், அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை.

பிறகு கல்யாண மண்டபத்தில் ஊர்க்கூட்டம். திட்டத்தின் இன்ஜினியர் விஷ்ணுப்ரியா, பாவம், சின்னப் பெண், எழுந்து நின்று, கடையடைப்பு நாள் என்பதால் அன்றைய ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்க முடியாது, பயணம் செய்தவர்கள் யாராவது அனுபவத்தைச் சொல்லலாம் என்றாள். நான் சும்மா இருப்பேனா? எழுந்தேன், சொன்னேன். காக்கை கூரையில் ஏறிய இடத்தில் மண்டபமே சிரித்து உருண்டது. இன்றைக்கும் அந்தக் காக்கையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ரஷீது மைக்கை வாங்கினான். "ஸ்வாமி சொல்றதிலே பாதியைத் தள்ளிக் கேக்கிறது நம்ம வழக்கம். இதிலே பாதியைத் தள்ளினா மிச்சமும் பொய். மட்டாஞ்சேரியிலே அப்படி ஒரு பஸ் ஓடவே இல்லை."

கைதட்டல். பெண்கள் பக்கம் திரும்பினேன். லதீஃபா தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். எழவில்லை. எழுந்தால் விழுவது அவள் வீட்டுக் கடை. அவளிடம் என்ன கேட்பது?

திட்டத்தைக் கைவிட்டார்கள். கூம்புகளை ஒரு வேனில் அள்ளிப்போட்டுத் திருப்பூணித்துறைப் பக்கம் கொண்டுபோனதாகக் கேள்வி. குழு லட்டு கொடுத்தது. எனக்கும் ஒன்று வந்தது, தின்றேன். மெத்தைகள் முன்னைவிட ஒரு முழம் வெளியே வந்து சாய்ந்தன.

மழைக்காலம் ஆரம்பித்ததும் ஆட்டோ பாலத்து நெரிசலில் கிடந்தது. ஒரு நாள் மெஷின் கிடைக்கவில்லை, மறுமுறை பாதி நேரமே கிடைத்தது. லதீஃபாவின் கால் வீங்கியது, முகம் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

ஒரு மத்தியானம், வியாபார நேரத்தில், ரஷீது என் வீட்டுக்கு வந்தான்.

"இனி போகலேன்னு சொல்லிட்டா, ஸ்வாமி."

"எங்கே?"

"ஆஸ்பத்திரிக்கு. ஆட்டோவிலே உக்காந்து மூச்சு முட்டுறதுக்கு வீட்டிலேயே கிடக்கிறேங்கிறா. நான் காலைப் பிடிச்சும் கேக்கலை."

நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"நீங்க வந்து சொல்லணும். அந்த பஸ் திரும்ப வருதுன்னு சொல்லுங்க. அடுத்த மாசமே வருதுன்னு. எவ்வளவு வேணும்னாலும் கூட்டிச் சொல்லுங்க, நான் கூட நின்னு தலையாட்டறேன். அதுவரைக்குமாவது போய்ட்டு வருவா."

கேட்காமலே என் வாயில் பொய் ஊறும். அன்று தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட வரவில்லை.

"என்னை அவ நம்ப மாட்டாளே, ரஷீதே. மண்டபத்திலே அவ முன்னாடிதானே சொன்னே, அப்படி ஒரு பஸ் ஓடவே இல்லேன்னு."

வெளியே ஹாரன் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் போய் ஜன்னலைச் சாத்தினான். அடங்கவில்லை.

"ஓடிச்சு, ஸ்வாமி" என்றான். "நாங்க ஊர்வலத்துக்கு வரிசை நிக்கவே தொடங்கலை. அதுக்குள்ளே ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணிட்டா. சாயா குடிச்சேன்னு சொல்லிச் சிரிச்சா. நான்தான் ஆருகிட்டேயும் சொல்லாதேன்னேன். நடந்தது. அப்படியே நடந்தது."